இத்தாலியின் பாட்டுப் பாதை – 14: இருவர் சேர்ந்து சொன்ன ‘நான்’

சான்ரெமோ பாட்டு விழா மேடையைப் போன வாரம் முடித்தாயிற்று. பாட்டெழுதிய மொகோலையும் மெட்டுப் போட்டுப் பாடிய லூச்சியோ பத்திஸ்தியையும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் பாடகர் பிராங்கோ பாத்தியாத்தோ என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு குதிரைப் பயணத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

1970 கோடையில் மொகோலும் பத்திஸ்தியும் மிலானிலிருந்து ரோம் வரை குதிரையில் போனார்கள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர்! மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ‘சூரிய நெடுஞ்சாலை’ 1964-லேயே முழுதாகத் திறந்தாயிற்று. காலையில் காரெடுத்தால் பொழுது சாய்வதற்குள் ரோம். குடும்பம் குடும்பமாக ஃபியட் வாங்கி அந்தச் சாலையில் பறந்த காலம் அது. அப்போது புகழின் உச்சியிலிருந்த இரண்டு பேர், குதிரைக்குத் தண்ணீர் காட்டவும் தீனி போடவும் நின்று நின்று, வாரக்கணக்கில் போயிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து வேறெதுவும் எழுத ஓடவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இவர்களுடைய ‘எமோத்சியோனி’ இசைத்தட்டு வந்தது. மனசுக்குள்ளேயே அலைகிற ஒருவனின் பாட்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கார் ஓட்டிப் பார்க்கிற அளவுக்குப் போகிறவன் அவன்.

இவர்களுடையது மெட்டுக்குப் பாட்டு. பத்திஸ்தி கித்தாரை வைத்துக்கொண்டு, பொருளே இல்லாத போலி ஆங்கிலத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். மொகோல் அதில் வார்த்தைகளை உட்கார வைப்பார். வந்து உட்கார்ந்ததெல்லாம் பெரும்பாலும் மொகோலின் சொந்தக் கதை. 1972-இல் வந்த ‘இல் மியோ காந்தோ லீபெரோ’, மணவாழ்க்கை முறிந்த பின் அவருக்கு வாய்த்த காதல். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மொகோலின் அந்தக் காதலைத் தன் கதையாகவே பாடியவர் பத்திஸ்தி. அப்படியானால் அந்தப் பாட்டில் ‘நான்’ என்பது யார்? வாழ்ந்தவர் ஒருவர், குரல் இன்னொருவருடையது. தன்னைத் தேடுவது தனியாள் காரியம் என்றே ஞானிகள் முதல் பாட்டுக்காரர்கள் வரை சொல்லி வந்திருக்கிறார்கள். இவர்களைக் கேட்ட பிறகு என்னால் அதை நம்ப முடியவில்லை.

1977-இல் வந்த ‘சி, வியாஜாரே’யைக் கேளுங்கள். திக்கித் திணறுகிற ஒரு வண்டி. ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஒரு மெக்கானிக் நண்பன். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் போதும், பள்ளம் மேடு பார்த்துச் சீராகப் போகலாம். வண்டி என்று சொல்வது மனுஷனைத்தான். அங்கேயும் பழுதை அறிந்தவன் பக்கத்திலிருக்கும் நண்பன்.

1980-உடன் கூட்டு முறிந்தது. 1986 முதல் பத்திஸ்தி, கவிஞர் பாஸ்குவாலே பனெல்லாவோடு ஐந்து ஆல்பங்கள் செய்தார். சொற்கள் புதிர்களாகப் பின்னிக்கொள்ளும் அந்தப் பாட்டுகளில் பழைய ‘நான்’ எங்கேயும் இல்லை. துணை மாறியதும் ஆளே மாறிவிட்டார்.

பாத்தியாத்தோவுக்கும் அப்படியொரு துணை உண்டு. எழுபதை நெருங்குகிற வயதில் பாட்டெழுத வந்த சிசிலியத் தத்துவவாதி, மான்லியோ ஸ்காலம்ப்ரோ. 1996-இன் ‘லா கூரா’ பாட்டு இருவரும் சேர்ந்து எழுதியது. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)