சீட்டுக்கட்டுப் போர் விளையாட்டில் விதியும் கதையும்: ‘இன்ஸ்கிரிப்ஷன்’ கணினி விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கதையை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளை ஆராயும்போது கதைச்சுருக்கத்தை மட்டும் பனுவலாகக் கொண்டு, ஆட்ட விதிகளைப் புறத்தே நிறுத்திவிடும் போக்கு எளிதில் நேரக்கூடியது. ‘இன்ஸ்கிரிப்ஷன்’ என்னும் விளையாட்டில் பலியிடல் என்னும் விதியே கதைப்பொருளாக இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, சீட்டுக்கட்டு, விதி, பலி, கதைசொல்லி, எடுத்துரைப்பியல்.

முன்னுரை

ஆட்டத்தின் போக்கிலேயே ஆடுபவர் தம் சீட்டுக்கட்டைத் திரட்டி அமைத்துக்கொள்ளும் முறை, 2008இல் வெளிவந்த ‘டொமினியன்’ என்னும் மேசை விளையாட்டால் பரவலாயிற்று. 2019இல் முழுவடிவம் பெற்ற ‘ஸ்லே த ஸ்பயர்’ அம்முறையைக் கணினி விளையாட்டில் நிலைபெறச் செய்தது. கனடாவைச் சேர்ந்த டேனியல் முல்லின்ஸ் உருவாக்கி, 2021 அக்டோபரில் வெளிவந்த ‘இன்ஸ்கிரிப்ஷன்’ அம்முறையைத் திகில் கதையோடு இணைத்தது. 2018இல் நடைபெற்ற ‘லூடம் டேர்’ என்னும் குறுங்கால விளையாட்டு உருவாக்கப் போட்டியின் கருப்பொருள், பலி கொடுத்தே ஆகவேண்டும் என்பதாகும். அப்போட்டிக்காக முல்லின்ஸ் செய்த சிறு விளையாட்டே இதன் முன்வடிவம். எனவே, பலி என்னும் கருத்தே இப்படைப்பின் வித்து எனலாம்.

பலியிடல் என்னும் விலை

இருண்ட மரக்குடிலில் மேசைக்கு அப்பால் கண்கள் மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் ஒருவர் கதைசொல்லியாகவும் எதிராளியாகவும் விளங்குகிறார். அவர் பெயர் லெஷி. ஸ்லாவிய நாட்டார் மரபில் இது காட்டு ஆவியின் பெயராகும். ஆடுபவர் தமக்குரிய நான்கு இடங்களில் விலங்குச் சீட்டுகளை வைத்துப் போரிட வேண்டும். இரு தரப்பும் விளைவிக்கும் சேதம் ஒரு தராசில் எடையாக இடப்படுகிறது. வேறுபாடு 5ஐ எட்டும்போது ஆட்டம் முடிகிறது.

சீட்டுகளின் விலை பெரும்பாலும் குருதியாகும். ஓநாய்ச் சீட்டை இறக்க, களத்திலுள்ள இரண்டு சீட்டுகளைப் பலியிட வேண்டும். இதற்கெனவே விலையற்ற அணில் சீட்டுகள் தனிக்கட்டாக வழங்கப்படுகின்றன. ஒரு சீட்டைப் பலிக்கல்லில் நிரந்தரமாக இழந்தால், அதன் ஆற்றற்குறியை மற்றொரு சீட்டுக்கு மாற்றலாம். ஆடுபவர் குறடு கொண்டு தம் பல்லையே பிடுங்கித் தராசில் இடவும் வாய்ப்புண்டு.

விதிகளும் செயல்முறைகளும் தம்மளவிலேயே ஒரு கருத்தை வலியுறுத்த வல்லவை என்று இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அவ்வகையில் நோக்கின், ஒன்றின் அழிவின்றி மற்றொன்றின் வருகை இல்லை என்பதை லெஷியின் உரையைக் காட்டிலும் இவ்விதிகளே உறுதியாக உணர்த்துகின்றன.

பழக்கமும் இடையீடும்

எனினும், விதி தானாகவே உணர்ச்சியை எழுப்பிவிடுவதில்லை. சில ஆட்டங்களுக்குப் பின் அணிலைப் பலியிடுவது வெறும் கணக்காகிவிடுகிறது. இப்பழக்கத்தைக் கதை இரு இடங்களில் தடுத்து நிறுத்துகிறது. ஒன்று, கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்கின் சீட்டு பேசத் தொடங்குவது. பலியிடுபவரை நோக்கியும் அது பேசுகிறது. மற்றொன்று, ஆடுபவரின் தோல்வி. இரு மெழுகுவத்திகளும் அணைந்தபின் லெஷி ஆடுபவரை ஒளிப்படம் எடுத்து ஒரு சீட்டாக மாற்றுகிறார். அச்சீட்டின் விலை, வலிமை, குறி ஆகியவற்றை முந்தைய சீட்டுகளிலிருந்து ஆடுபவரே தெரிவுசெய்து பெயரும் இடுகிறார். அடுத்தடுத்த ஆட்டங்களில் அச்சீட்டு அவர் கைக்கே வரலாம். அதையும் அவர் பலியிடலாம். பலியிட்டவரே பலிப்பொருளாகும் இத்திருப்பத்தைக் கதைச்சுருக்கம் தகவலாகத் தரும். ஆட்டமோ அதைச் செயலாக நிகழ்த்துகிறது.

கதைசொல்லி மாறும்போது

விளையாட்டின் மூன்றாம் பகுதியில் பி03 என்னும் இயந்திரம் லெஷியின் இடத்தைக் கைப்பற்றுகிறது. இதற்குக் கதையில் நாட்டமில்லை, ஆட்டநுட்பமே பெரிது. அதற்கேற்ப விலையும் மாறுகிறது. குருதிக்கு மாற்றாக, ஒவ்வொரு முறையும் மீண்டும் நிரம்பும் மின்னாற்றல் வருகிறது. அணில்களின் இடத்தில் வெற்றுக்கலன்கள் நிற்கின்றன. இழப்பு என்னும் உணர்வு மங்கிவிடுகிறது. கதைசொல்லியின் குரலும் நோக்கும் விதிமாற்றத்தின் வழியே புலப்படுவது இங்கு நோக்கத்தக்கது.

முடிவுரை

‘இன்ஸ்கிரிப்ஷன்’ விளையாட்டில் பலியிடல் முதலில் விலையாகவும், பின்னர்ப் பழக்கமாகவும், இறுதியில் ஆடுபவரையே உள்ளடக்கும் கதைப்பொருளாகவும் வளர்கிறது. விதிகளை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் எடுத்தால் இவ்வளர்ச்சி முழுதும் மறைந்துவிடும். ஆகவே, எடுத்துரைப்பியல் நோக்கில் கணினி விளையாட்டுகளை அணுகும் தமிழாய்வு, கதைமாந்தரையும் நிகழ்ச்சிகளையும் பட்டியலிடுவதோடு அமையாது, விலை, இழப்பு, தோல்வி ஆகியவற்றின் விதிகளையும் பனுவலின் உறுப்புகளாகக் கொள்ள வேண்டும். அதற்கு ஆய்வாளர் அவ்விளையாட்டைத் தாமே ஆடியிருத்தல் இன்றியமையாதது.