மென்பொருள் படிக்கும் ரெஸ்யூம்

குழந்தை பிறந்ததும் கணக்காளர் வேலையை விட்டு, நான்கு ஆண்டுக்குப் பின் மறுபடி வேலை தேடும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இடைவெளி தெரியாமலிருக்கத் திறன்களை மட்டும் போட்டு ரெஸ்யூம் தயாரிக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாமம்மா. 'ஜிஎஸ்டி தாக்கல் தெரியும்' என்று மொட்டையாக இருந்தால், எங்கே செய்தீர்கள், எத்தனை ஆண்டு என்ற கேள்விதான் முதலில் எழும். தேதியே இல்லாத தாள் சந்தேகத்தை வளர்க்கும். மேலே நான்கைந்து வரியில் திறன்கள், அதன் கீழ் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி அனுபவம், இடைவெளிக்குக் 'குழந்தை வளர்ப்பு' என்று ஒரே வரி. இந்தக் கலப்பு முறைதான் உங்களுக்குப் பொருந்தும். விட்டுவிடாமல் ஒரே துறையில் இருந்தவர்களுக்கு வெறும் காலவரிசையே போதும்.

எனக்குத் தீராத வியப்பு, அந்தத் தாளை முதலில் படிக்கும் மென்பொருள்மீதுதான். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஏடிஎஸ் என்ற மென்பொருள் விண்ணப்பத்தைப் பிரித்து, பெயர், பதவி, ஆண்டு என்று கட்டங்களில் நிரப்புகிறது. பிடிஎஃப் கோப்பு அதற்கு வைக்கும் சோதனை விசித்திரமானது. 1993இல் அடோபி கொண்டுவந்த பிடிஎஃப், எந்தக் கணினியிலும் தாள் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதற்கு முக்கியம்; எதற்குப் பின் எதைப் படிப்பது என்ற குறிப்பு அதில் இருந்தாக வேண்டியதில்லை. சிறுவயதில் எங்கள் ஊர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை முடுக்கி வைத்த பாரங்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து அதனதன் இடத்தில் இறுக நிற்கும். வாசிக்கும் வரிசை அச்சுக்கோப்பவருக்குத்தான் தெரியும்.

இடப்பக்கம் 'டேலி', 'எக்செல்'; வலப்பக்கம் 'கணக்காளர்', '2016–2021' என்று இரண்டு பத்தியாக அழகுபடுத்திய தாளைச் சில மென்பொருள்கள் குறுக்கே வாசித்து, 'டேலி கணக்காளர் எக்செல் 2016–2021' என்று கோத்துவிடும். கோப்பு முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை கலைந்தால் ஒரே பத்தியாக மாற்றிவிடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தாள் இன்னும் மோசம். 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் வந்து விழும். தமிழில் அனுப்புவதாக இருந்தால் யூனிகோடிலேயே அடியுங்கள்.

பிரவுசிங் சென்டர்களில் ரெஸ்யூம் அடிக்கக் கொடுத்தால் இன்னமும் எல்லாருக்கும் ஒரே அச்சுதான்: தந்தை பெயர், மதம், திருமண நிலை, அடியில் ஓர் உறுதிமொழி. பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. தனியார் கம்பெனியில் கணக்கு எழுத மதம் எதற்கு? அந்த வரிகளை எடுத்துவிட்டு, எத்தனை கடைகளுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்தீர்கள், தணிக்கையின்போது எந்தக் கணக்கை நேர்செய்து கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.