வரி கட்டாத வார்டா எங்களுடையது?

சொத்து வரி பற்றி நகர்மன்றக் கூட்டத்தில் பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் காலனியிலிருந்து ஏழெட்டுப் பேர் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். மாவட்டத்தில் எந்தச் சிறு நகராட்சியின் பெயரைப் போட்டு வாசித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அன்றைய விவாதத்தின் பெரும்பகுதியை வணிகர் சங்கம் கொடுத்திருந்த மனுவே எடுத்துக்கொண்டது. 2022-இல் நடந்த சீராய்வில் கடைகளுக்கான சொத்து வரி ஒரே அடியாக இரண்டு மடங்கானது, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் உயர்த்துவதற்கும் விதி வந்துவிட்டது, நகராட்சிக் கடைகளின் வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியிருக்கிறது, குப்பைக் கட்டணம் தனி. ஆன்லைன் வியாபாரம் வேறு கடைத்தெருவைக் காலி செய்துகொண்டிருக்கிறது. இப்படியே போனால் கடையடைப்புதான் வழி என்று மனு முடிந்தது. கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார்கள். பேசியவர்களில் சிலருக்கு மெயின் ரோட்டில் சொந்தக் கட்டடம் உண்டு என்பதை ஊரே அறியும். ஆணையர் 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையை எடுத்துச் சொன்னார். வரியைச் சீராய்வு செய்யாவிட்டால் ஒன்றிய அரசின் மானியம் வராது என்றார். வணிகர்களின் குறையில் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வாடகைக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் எங்கள் பையன்களுக்கும் அந்தச் சுமை வந்து சேரத்தான் செய்கிறது. கட்டட உரிமையாளர் வரியைத் தன் கையிலிருந்தா கட்டுகிறார்?

இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் வார்டு உறுப்பினருக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு அது. காலனிக்குள் தார்ச்சாலை போட வேண்டும், வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு வேண்டும் என்று எழுதி வந்ததை வாசித்தார். முடிப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“வரி வசூலே இல்லாத வார்டும்மா அது. முதல்ல எல்லாரையும் வரி கட்டச் சொல்லுங்க. அப்புறம் ரோடு கேளுங்க.”

சிலர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கேட்டும் போடாத வரி

எங்கள் காலனியில் பெரும்பாலான வீடுகளுக்குச் சொத்து வரி எண் கிடையாது. வரி கட்டாமல் ஏமாற்றியதால் அல்ல. போட மறுத்ததால். ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்துக் கொடுத்த மனைப்பட்டாக்கள் அவை. பட்டா பெற்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் பெயருக்கு மாறவில்லை. கையில் பட்டாக் காகிதம் இருந்தாலும் வருவாய்த்துறைக் கணக்கில் அது ஏறவில்லை. கணினியில் தட்டிப் பார்த்தால் ‘சர்க்கார் நிலம்’ என்றோ பழைய நில உரிமையாளர் பெயரோ வருகிறது. வரி போடுங்கள் என்று மனுக் கொடுத்தால் ‘உரிமை ஆவணம் கொண்டு வாருங்கள்’ என்கிறது நகராட்சி. தாலுகா அலுவலகத்தில் போய் நின்றால் ‘நிலம் எடுத்த கோப்பு கிடைக்கவில்லை’ என்கிறார்கள். இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஒரு தலைமுறை நடந்து தீர்ந்துவிட்டது.

வரி போடச் சொல்லி வரிசையில் நிற்கும் மக்களை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் நின்றோம். காரணம் எளியது. வரி எண் இல்லாமல் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. பாதாளச் சாக்கடை இணைப்பும் கிடையாது. வங்கியில் சிறு கடன் கேட்டாலும் முதலில் கேட்பது வீட்டு வரி ரசீதைத்தான். நாளைக்கே ‘ஆக்கிரமிப்பு’ என்று யாராவது நோட்டீஸ் ஒட்டினால், இத்தனை ஆண்டுகளாக இங்கேதான் குடியிருக்கிறோம் என்று எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். பணக்காரருக்கு வரி ரசீது செலவுக் கணக்கு. எங்களுக்கு அது குடியிருப்புக்கான சாட்சி.

வரி போட்டால் நிலத்துக்கு உரிமை கொடுத்ததாகிவிடும் என்று அலுவலகத்தில் ஒரு பயம் இருக்கிறது. அப்படி ஆகாது. வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. மெயின் ரோட்டில் அனுமதி மீறி எழும்பிய மாடிகளுக்கு வரி போடும்போது இந்தப் பயம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2022 சீராய்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம்தான் உயர்வு. எங்கள் வீடுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதாவது எங்களிடம் வரி வாங்கினால் நகராட்சிக்குப் பெரிய வருமானம் வந்துவிடாது. ஆனால் வராத அந்தச் சிறிய தொகையைக் காட்டித்தான் சாலையை மறுக்கிறார்கள். நகராட்சி சொத்து வரியை மட்டும் வைத்து நடக்கவில்லையே. மாநில நிதிக்குழுப் பரிந்துரைப்படி வரும் பங்கு இருக்கிறது. அதைப் பிரிக்க மக்கள்தொகை ஒரு முக்கிய அளவுகோல். அந்த எண்ணிக்கையில் எங்கள் தலைகளும் அடக்கம். தலையை எண்ணிப் பணம் வாங்கும்போது நாங்கள் ஊருக்குள் இருக்கிறோம். சாலை போடும்போது ஊருக்கு வெளியே போய்விடுகிறோம்.

சந்தைச் சீட்டு

சரி, வீட்டு வரியை விடுங்கள். உண்மையிலேயே நாங்கள் வரி கட்டாதவர்களா?

காலனிப் பெண்களில் பலர் வியாபாரிகள். கீரை, கருவாடு, சோளக்கதிர், பருவத்தில் நாவற்பழம். கடைத்தெருவில் இவர்களை வியாபாரி என்று யாரும் சொல்வதில்லை, ‘கூடைக்காரி’ என்பார்கள். வாரச்சந்தையில் இவர்களுக்கு இடம் சாக்கடை ஓரக் கடைசி வரிசை. நடுவரிசைக் கல்மேடை யாருக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. சமைத்த பொருளாக இருந்தால் அதுவும் இல்லை. இட்லிக்கடை போட்ட எங்கள் பெண் ஒருவரிடம் காலனிக்காரர்களைத் தவிர யாரும் வாங்காமல் நான்கு மாதத்தில் அடுப்பை அணைத்தார்.

சந்தையில் காசு வசூலிக்கும் உரிமையை நகராட்சி ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து வசூலிக்கிறார். ‘சுங்கம்’ என்பது மக்கள் வழக்கு. கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று நகராட்சி நிர்ணயித்த கட்டணம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் சந்தையில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கேட்டால் சீட்டு வரும், கேட்காவிட்டால் வராது. கேட்டாலும் சீட்டில் தொகை இருக்கும் இடம் சில நேரம் வெறுமையாக இருக்கும். சந்தைக்கு வெளியே சாலையோரம் உட்காருபவரிடமும் அதே ஆள் வந்து நிற்பார்.

கீரை விற்கும் அக்கா ஒருவரிடம் கணக்குக் கேட்டோம். கூடைக்கு 20 ரூபாய் கொடுக்கிறார். வாரத்தில் மூன்று ஊர்ச் சந்தைகளுக்குப் போகிறார். ஆண்டுக்கு 52 வாரம் என்று வைத்துப் பெருக்கினால் 3,120 ரூபாய். “அவ்வளவா தம்பி?” என்று அவரே அதிர்ந்து போனார்.

இதை இன்னொரு எண்ணோடு வைத்துப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவுப்படி, தொழில் வரியாக ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. மாதம் லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் அதுதான் உச்சவரம்பு. கீரைக்கூடைக்கு உச்சவரம்பு இல்லை. சட்டப்படி சுங்கம் என்பது இடத்துக்கான கட்டணம், வரி அல்ல என்று ஆணையர் விளக்கலாம். அக்காவின் சுருக்குப்பையிலிருந்து போகும் பணம் அந்த வித்தியாசத்தை அறியாது. இடத்துக்கான கட்டணம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறையும் இல்லை.

வணிகர் சங்கத்தின் வரிக்கு இரண்டு மணி நேரம் பேசிய மன்றம் இந்தச் சுங்கத்தைப் பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை. ஏலத் தொகை ‘வரவு’ என்று ஒரு வரியில் தீர்மானமாகிவிடுகிறது. அதைக் கட்டியவர்கள் யார் என்று அந்த வரியில் இருப்பதில்லை. எங்கள் வார்டின் வரி அங்கேதான் இருக்கிறது, வேறொருவர் பெயரில்.

சாலையோர வியாபாரிகளுக்காக 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு நடத்திச் சான்றிதழ் தர வேண்டும், நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியலினத்தாருக்கும் உரிய இடம் என்கிறது அது. எங்கள் நகரில் அந்தக் குழு கூடியதாகக் காலனியில் ஒருவருக்கும் தெரியாது.

நகராட்சித் தீர்மானம் என்பதை எங்கள் மக்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நம்பித்தான் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்க் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. பத்துப் பேர் கூடி எழுதும் ஒரு பத்தி தண்ணீரைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். 74-ஆவது திருத்தத்தால் எங்களுக்கும் அந்த அறையில் நாற்காலி கிடைத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பேசவிடாமல் சிரிப்பது இப்போது கையாளும் முறை.

கூட்டம் முடிந்த அன்று மாலை எங்கள் உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவர் அழுதிருந்தார். ஆனால் பேச்சு அதைப் பற்றி இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் பொருள் கொடுப்பது என்று முடிவானது. காலனி வீடுகளை நேரில் அளந்து வரி விதிக்க வேண்டும். சுங்கக் கட்டணப் பட்டியலைச் சந்தை வாசலில் பலகையாக வைக்க வேண்டும். தொகை அச்சிடாத சீட்டு செல்லாது என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் வீடுவீடாகப் போய்ப் பட்டாக்களை நகல் எடுத்து வருகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக் குத்தகைத் தொகையையும் நிபந்தனைகளையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

சென்ற சந்தையிலிருந்து கடைசி வரிசைப் பெண்கள் சீட்டுக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாள் வசூல்காரர் முறைத்தார். “எதுக்கு இதெல்லாம்?” என்றார். கீரைக்கார அக்கா, “கணக்கு வைக்கணும்ல” என்றார். கிடைத்த சீட்டுகள் உறுப்பினர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்கின்றன. தீர்மானப் பொருளோடு அவற்றின் நகலையும் இணைக்கப் போகிறோம்.