கருவிலிருந்து காகித மாதிரி வரை

பலகை விளையாட்டு ஒன்றைப் புதிதாகச் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "கரு எங்கே கிடைக்கும்?" என்றுதான். உங்களுக்கு ஏற்கெனவே நெருக்கமாகத் தெரிந்த ஒன்றில்தான் கிடைக்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் வசிக்கும் எலிசபெத் ஹார்கிரேவுக்குப் பறவை பார்ப்பதில் தீராத ஆர்வம். ஆனால், அவருக்குக் கிடைத்த விளையாட்டுகளெல்லாம் பெரும்பாலும் கோட்டை, ரயில், வணிகம் என்றே சுற்றிவந்தன. தனக்குப் பிடித்த விஷயத்தில் ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் நினைத்ததன் பலன், 2019-இல் வெளிவந்த ‘விங்ஸ்பேன்’.

ஆகவே, முதல் வேலை பொருளைத் தேர்ந்தெடுப்பது. ஆசையைப் போலவே கோபமும் நல்ல ஊற்று. எலிசபெத் மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’, நிலத்தை வளைத்துப்போட்டவர் வாடகையாலேயே செழிப்பதையும் மற்றவர்கள் நொடிந்துபோவதையும் மேசைமேல் வைத்துக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பின்னாளில் வந்த மோனோபோலிக்கு மூலம் அதுதான்.

அடுத்து, ஒரு நோட்டில் விவரங்களை எழுதத் தொடங்குங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுதான். ஹார்கிரேவ் பறவைகளின் வாழிடம், உணவு, கூட்டின் வகை, இடும் முட்டைகள், சிறகு விரியும் அகலம் என்று எல்லாவற்றையும் கணினி அட்டவணையில் தொகுத்தார். அவை எப்படி விதிகளாயின என்று பாருங்கள். பறவை என்ன தின்னுமோ அதுவே அந்தச் சீட்டை இறக்குவதற்கான விலை. காடா, புல்வெளியா, நீர்நிலையா என்பது சீட்டை எந்த வரிசையில் வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வேட்டைப் பறவை ஒன்றின் முறை வந்தால், கட்டின் மேல்சீட்டைத் திருப்ப வேண்டும். அதிலுள்ள பறவையின் சிறகு குறிப்பிட்ட சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரை சிக்கியது என்று பொருள். 170 பறவைச் சீட்டுகள் கொண்ட அந்தப் பெட்டியில் பறவைகளை எடுத்துவிட்டு வேறு படங்களை ஒட்டிவிட முடியாது. விவரம் சேர்க்காமல் தொடங்கும் விளையாட்டில் அதைத் தாராளமாகச் செய்யலாம்.

மூன்றாவதாக, அந்த விவரங்களுக்குள் இருக்கும் இக்கட்டைத் தேடுங்கள். ஏரிப்பாசனம் தெரிந்தவர் ஒருவர் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலுங்கு வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். ஆடுபவர் செய்யக்கூடியவற்றை வினைச்சொற்களாக எழுதலாம்: தேக்கு, மடையைத் திற, தூர்வாரு, கரையைப் பலப்படுத்து. மேல் ஏரிக்காரர் தேக்கிவைத்தால் இரண்டாம் போகம் எடுக்கலாம். ஆனால், அடுத்த மழைச் சீட்டு பெருமழையாக வந்தால் கரை உடையும். உடைந்தால் கீழ் ஏரிக்காரருக்கும் வெள்ளம்தான். அவர் கரை கட்ட ஆள் அனுப்புவாரா? அதற்குப் பதிலாக எவ்வளவு தண்ணீர் கேட்பார்? இந்தக் கேள்விகள் எழுந்துவிட்டால் கரு கிடைத்துவிட்டது. எழவில்லையென்றால் மறுபடி நோட்டுக்குப் போங்கள்.

இனி அந்த இக்கட்டுக்கு ஒரு பொறிமுறை வேண்டும். மற்றவர்களின் விளையாட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம், அதில் குறைவேதும் இல்லை. ரைனர் நிட்சியா 2000-இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ விளையாட்டில், எல்லோரும் ஒரே அணியாக நின்று விளையாட்டையே எதிர்க்க வேண்டும். மாட் லீகாக் அந்த வழியில் 2008-இல் செய்தது ‘பேண்டமிக்’. அதில் நோய் தாக்கிய நகரங்களின் சீட்டுகள் கழிவுக்கட்டில் சேர்ந்துகொண்டே போகும். கொள்ளைநோய்ச் சீட்டு வந்ததும் அந்தக் கட்டைக் கலைத்துப்போட்டு, எடுக்கும் கட்டின் மேலேயே வைக்க வேண்டும். அடிபட்ட நகரமே மறுபடி அடிபடும். தொற்று பரவும் விதத்தை ஒரேயொரு சீட்டுக் கலைப்பில் சொல்லிவிட்ட அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் ஆடுபுலி ஆட்டத்திலும் பாடம் உண்டு: 3 புலி, 15 ஆடு. இரு தரப்புக்கும் பலம் வேறு, நோக்கமும் வேறு. மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு அது.

பிறகு மாதிரி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பலகையாகட்டும், விசிட்டிங் கார்டுகள் சீட்டாகட்டும், புளியங்கொட்டை தண்ணீராகட்டும், தாயக்கட்டை இருந்தால் போதும். படம் வரைய உட்காராதீர்கள். அழகாக வரைந்துவிட்டால் மாற்ற மனம் வராது, மாதிரியோ மாற்றுவதற்காகவே இருப்பது. முதலில் எல்லாத் தரப்பையும் நீங்களே ஆடிப்பாருங்கள்.

அதன்பின் நண்பர்களை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். யார் எங்கே நகர்த்தத் தயங்குகிறார், யார் தன் முறை வரும்வரை போனைப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "பிடித்திருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். "எந்த இடத்தில் இரண்டு மனதாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் வந்த இடத்தை வளர்த்து, வராத விதிகளை வெட்டி, மறுபடி ஆடுங்கள்.

பூச்சந்தையில் ஏலம் கேட்டவர்களும், விசைப்படகில் கடலுக்குப் போனவர்களும், நெசவுத் தறியில் உட்கார்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த இக்கட்டுகள் வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால், இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து முதல் பத்து விவரங்களை எழுதுங்கள்.