கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் – 9: அரை மைதானத்தை ஒப்புக்கொள்ளாதவர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1970களின் இறுதிவரை பள்ளி மாணவிகள் ஆடிய கூடைப்பந்து ஒரு விநோதமான ஆட்டம். அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடையில் பந்து போட வேண்டும். மற்ற மூன்று பேர் இன்னொரு பாதியில் நின்று எதிரணியைத் தடுக்க வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தடுப்பாட்டத்தில் போடப்பட்ட பெண், படிப்பு முடியும்வரை அணியில் இருந்தும் ஒரு புள்ளிகூட எடுக்காமலே போய்விடலாம். முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த விதி இது.

1976இல் ஒரு பள்ளி மாணவி இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் தடுப்பாட்டக்காரி. கல்லூரிகளோ புள்ளி எடுக்கத் தெரிந்தவர்களைத் தேடிப்போகின்றன. எனக்கு உதவித்தொகை எப்படிக் கிடைக்கும் என்பது அவர் கேள்வி. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்றார். ஆனால் விஷயம் அதோடு அடங்கவில்லை. டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் இளம் பயிற்சியாளர் அந்த மாணவியின் பக்கம் நின்றார். ஆறு பேர் ஆட்டம் ஆடுகிற சொந்த மாநிலத்துப் பெண்களை இனி என் அணிக்கு எடுக்க மாட்டேன் என்றும் அறிவித்தார். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு இது சரியான இடத்தில் விழுந்த அடி. 1979இல் பள்ளி விளையாட்டுச் சங்கம் இறங்கிவந்தது. டென்னசிப் பெண்கள் ஐந்து பேராக, முழு மைதானத்தில் ஓட ஆரம்பித்தார்கள். (ஓக்லஹோமா மாநிலம் 1995 வரை அந்தப் பழைய ஆட்டத்தை விடவில்லை என்பதையும் பார்த்தால், இந்த வெற்றியின் அளவு தெரியும்.)

அந்தப் பயிற்சியாளர் பேட் சம்மிட். எட்டு தேசியக் கோப்பைகள், 1,098 வெற்றிகள் என்றுதான் அவரை எல்லோரும் அறிமுகப்படுத்துவார்கள். நான் அந்த நடுக்கோட்டிலிருந்து தொடங்குகிறேன். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, பெண்களுக்கு இவ்வளவு போதும் என்று யாரோ போட்டுவைத்த கோட்டைத் தாண்டவைத்ததுதான் என்பது என் கணிப்பு.

1952இல் டென்னசி மாநிலத்து கிளார்க்ஸ்வில்லில் பிறந்த பேட், அன்றைய பெயரில் பேட்ரிஷியா ஹெட், ஒரு பால்பண்ணைக் குடும்பத்துப் பெண். மூத்தவர்கள் மூன்று அண்ணன்கள், பின்னால் ஒரு தங்கை. மாட்டில் பால் கறப்பது, வைக்கோல் கட்டுவது, புகையிலை வெட்டுவது என்று அண்ணன்கள் செய்த எல்லா வேலையும் அவருக்கும் உண்டு. வேலை முடிந்தபின் வைக்கோல் பரணில் அவர்களோடு கூடைப்பந்து. ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று தெரிந்ததும் அப்பா ரிச்சர்ட் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். அன்பை வாயால் சொல்லத் தெரியாத, கண்டிப்பான மனிதர். ஆனால் பெண்ணின் ஆட்டத்துக்காக வீட்டையே மாற்றியிருக்கிறார். கல்லூரியில் அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. பேட்டுக்கு அப்பா பணம் கட்டினார். பெண்களுக்கு அப்படியொரு உதவித்தொகையே அப்போது கிடையாது.

1974 தொடக்கத்தில் கல்லூரி இறுதியாண்டில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆட்டத்தை மறந்துவிடலாம் என்கிற தொனியில் மருத்துவர் பேச, அவள் ஒலிம்பிக்ஸ் போகப்போகிறவள், சரிசெய்து கொடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். பெண்கள் கூடைப்பந்து அதுவரை ஒலிம்பிக்ஸில் இடம்பெற்றதே இல்லை; 1976 மாண்ட்ரியலில்தான் முதன்முறை வரவிருந்தது.

அந்த 1974இலேயே நாக்ஸ்வில்லில் உள்ள டென்னசி பல்கலைக்கழகம் அவரை உதவிப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. அவர் போய்ச் சேர்வதற்குள் தலைமைப் பயிற்சியாளர் விலகிவிட, பொறுப்பு முழுதும் தலையில் விழுந்தது. வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஒரே ஒரு வயது சிறியவர்கள். மாதம் 250 டாலர். முதுகலைப் படிப்பு ஒரு பக்கம், உடற்கல்வி வகுப்பு எடுப்பது ஒரு பக்கம், அறுவை செய்த முழங்காலோடு ஒலிம்பிக்ஸுக்கான சொந்தப் பயிற்சி இன்னொரு பக்கம். அணியின் சீருடை டோனட் விற்ற காசில் வாங்கியது. அதைத் துவைப்பதும் பேட்தான், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுவதும் பேட்தான். ஒருமுறை தங்க இடத்துக்குப் பணமில்லாமல் எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்து, மறுநாள் அங்கேயே ஆடியிருக்கிறார்கள்.

1974 டிசம்பர் 7, முதல் ஆட்டம். மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84–83 என்று ஒரே புள்ளியில் தோல்வி.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்திருந்தது. டைட்டில் நைன் என்பார்கள். மையமான வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள். அதில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. இந்தச் சட்டத்தால்தான் பெண்கள் விளையாட்டு வளர்ந்தது என்று பொதுவாக எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் பாதி. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போய் துவைத்த சீருடையைக் காயப்போட ஆள் வேண்டியிருந்ததே!

மாண்ட்ரியலில் 24 வயது பேட், அமெரிக்க அணியின் இணைத் தலைவர்களில் ஒருவராக வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தங்கம் சோவியத் யூனியனுக்கு. எட்டு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலஸில் அவர் பயிற்றுவித்த அணி இறுதியில் தென் கொரியாவை 85–55 என்று வென்று தங்கம் வாங்கியது. சோவியத் அணி அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அமெரிக்க அணியில் கிம் மல்கி என்று ஒரு குட்டையான, துடிப்பான பெண் ஆடினார். பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் வருவார்.

கல்லூரிக் கோப்பை மட்டும் லேசில் கைக்கு வரவில்லை. ஏழு தடவை இறுதி நான்கு அணிகளுக்குள் வந்து வெறுங்கையோடு திரும்பினார். பெரிய ஆட்டத்தில் ஜெயிக்க இவரால் முடியாது என்ற பேச்சு எழுந்தது. எட்டாவது தடவை, 1987இல், லூசியானா டெக் அணியை 67–44 என்று நசுக்கினார்கள். பயிற்சியாளராக அது அவருக்கு 13ஆவது பருவம். அந்த டிசம்பரில் நாக்ஸ்வில்லின் புது அரங்கில் டெக்சாஸ் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க 24,563 பேர் வந்தார்கள்.

எப்படிப் பழக்கினார்? கொடுமையாக என்றே பலர் சொல்வார்கள். அவர் முறைக்கிற முறைப்பு அமெரிக்கா முழுக்கப் பிரசித்தம். நீலக் கண்ணை அகல விரித்து ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் எந்தப் பந்தை எங்கே விட்டாள் என்று தானே ஒப்பித்துவிடுவாளாம். ஆரம்ப காலத்தில் சில பெண்கள் பயிற்சி நாளுக்கு முன்னிரவு விருந்துக்குப் போய்விட்டு வந்ததைத் தெரிந்துகொண்டு, மைதானத்தின் நான்கு மூலையிலும் குப்பைத்தொட்டி வைத்து ஓடவிட்ட கதையை அவர் அணியில் பரம்பரையாகச் சொல்வார்கள். தொட்டி எதற்கு? வாந்தியெடுக்க. பயிற்சியில் மோதுவதற்கு மாணவர்களை, அதாவது ஆண்களை, கொண்டுவந்து நிறுத்துவார். தாக்குதலைவிடத் தடுப்புக்கும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்கும்தான் அங்கே மதிப்பு. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும்; காரணமில்லாமல் வகுப்புக்குப் போகாதவர் ஆட்டத்திலும் இறங்க முடியாது. நான்கு ஆண்டும் அவரிடம் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். என்னைக் கேட்டால், எட்டுக் கோப்பைகளைவிட இதுதான் அரிது.

மிஷெல் மார்சினியாக் என்ற ஆட்டக்காரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேரே பேட் கத்துகிற படம் ஒன்று பத்திரிகைகளில் வந்தது. இன்று ஒரு பயிற்சியாளர் அப்படிச் செய்தால் மறுநாள் வேலையில் இருக்க மாட்டார். நான் அதை நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அவர் வாதத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. பெண் உடம்பு தாங்காது என்று சொன்னவர்களை எதிர்த்து நின்றவர், பயிற்சியில் மட்டும் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரம்போல் கையாண்டிருந்தால் அந்த எதிர்ப்புக்கு என்ன பொருள்?

அந்த மார்சினியாக்கை அணியில் சேர்க்கப் போன கதை தனி. 1990 செப்டம்பர். பேட் நிறைமாதக் கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் இருந்த பெண்ணின் வீட்டுக்குத் தன் உதவியாளர் மிக்கி டிமாஸோடு சிறு விமானத்தில் போனார். அந்தப் பயணத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. அப்போதும் பேச வந்ததைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில் வலி கூடியதும், வர்ஜீனியாவில் இறங்கிவிடலாமா என்று விமானிகள் கேட்டார்கள். பேட் சம்மதிக்கவில்லை. ஆறு மாதம் முன்புதான் வர்ஜீனியா அணி அவரைக் கூடுதல் நேரத்தில் தோற்கடித்து வெளியேற்றியிருந்தது. அதுவும் இறுதி ஆட்டங்கள் நாக்ஸ்வில்லில், சொந்த அரங்கில், நடக்கவிருந்த வருடத்தில். அந்த மண்ணில் என் பிள்ளை பிறக்கக் கூடாது! விமானம் நாக்ஸ்வில்லுக்கே வந்தது. மகன் டைலர் அங்கே பிறந்தான். இத்தனை பாடுபட்டும் மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டுத்தான் டென்னசிக்கு வந்து சேர்ந்தார். 1996இல் கோப்பை வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரி அவரே.

அடுத்த பருவம் பத்துத் தோல்விகள், ஆனாலும் கோப்பை. அதற்கடுத்த பருவம் 39 ஆட்டம், 39 வெற்றி, மறுபடி கோப்பை. ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா, டமீகா கேட்சிங்ஸ், செமீகா ராண்டல் என்று ஒரே ஓசையில் பெயர் கொண்ட மூவர் ஆடிய அணி அது. கேண்டஸ் பார்க்கரோடு 2007, 2008 கோப்பைகள் வந்தன. அதே 2008இல், வீட்டுக்கு வந்த ரக்கூன் ஒன்றை விரட்டப்போய்த் தோள் மூட்டு நழுவியது.

இடையில் இரண்டு முறை, டென்னசி ஆண்கள் அணியைப் பயிற்றுவிக்க வருகிறீர்களா என்று கேட்கப்பட்டது. மறுத்துவிட்டார். அங்கே போவது எப்படி உயர்வாகும் என்பது அவர் திருப்பிக் கேட்ட கேள்வி. 250 டாலரில் தொடங்கியவருக்கு 2006இல் ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது; பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவே முதல்முறை. 2009 பிப்ரவரியில் ஆயிரமாவது வெற்றி.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர்ஸ் வகை மறதிநோய் தொடங்கிவிட்டது என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். எந்தப் பந்து எங்கே நழுவியது என்று பல்லாண்டு கழித்தும் சொல்லக்கூடியவருக்கு வந்த நோய் அது. மறைக்கவில்லை. உடனே பதவியை விடவும் இல்லை. நீண்டநாள் உதவியாளர் ஹாலி வார்லிக்கிடம் பாதிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு இன்னொரு பருவம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். 2012 மார்ச் 26 அன்று காலிறுதியைத் தாண்டி இறுதி நால்வருக்குள் போகும் ஆட்டத்தில் டென்னசி தோற்றது. தோற்கடித்த பேய்லர் அணி அந்தப் பருவத்தில் நாற்பது ஆட்டத்திலும் வென்ற அணி. அதன் பயிற்சியாளர், 1984இல் அவர் தங்கம் வாங்கிக்கொடுத்த அந்தக் கிம் மல்கி.

ஏப்ரலில் விலகினார். 38 பருவம், 1,098 வெற்றி, 208 தோல்வி. தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய பருவம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அந்த ஆண்டே கிடைத்தது. 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில், நாக்ஸ்வில்லில் இறந்தார்.

ஒருவரைப் பற்றி வேண்டுமென்றே இதுவரை வாய் திறக்காமல் வந்தேன். கனெக்டிகட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா. 1995, 2000, 2003, 2004 என்று நான்கு இறுதி ஆட்டங்களில் பேட்டின் கோப்பையைத் தட்டிப் பறித்தவர். வாய்த்துடுக்கு அதிகம். இருவருக்குமான உரசல் முற்றி, 2007இல் அந்த அணியோடு இனி ஆடுவதில்லை என்று பேட் தொடர்பையே அறுத்துக்கொண்டார். நோய்ச் செய்தி வந்தபின் மறதிநோய் ஆராய்ச்சிக்காக பேட் ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, ஆரியெம்மா பத்தாயிரம் டாலர் அனுப்பிவைத்தார். இத்தாலியில் பிறந்து, அமெரிக்கப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த அந்த மனிதரை அடுத்த வாரம் பார்ப்போம்.