இலையை எடு, நிழலை விடு!

ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வந்தவங்களுக்கு ஒரே ஒரு இலையுதிர்காலம்தான் கணக்கு. அடுத்த வருஷம் இலை சிவக்கிறதுக்குள்ள தீஸிஸைக் கொடுத்துட்டு மூட்டை கட்டணும். அதனால கேமரா வெச்சிருக்கிற மக்களே, அக்டோபர் கடைசியையும் நவம்பர் முதல் பாதியையும் கோட்டை விட்டுடாதீங்க.

நம்ம ஊர்ல கத்துக்கிட்ட 'உச்சி வெயில்ல படம் எடுக்காதே' பாடம் இங்க செல்லாது. நவம்பர் நடுவுல, சென்னையில உச்சிப் பொழுதுச் சூரியன் அடிவானத்துல இருந்து சுமார் 58 டிகிரி உயரத்துல நிக்கும். லண்டன்ல சுமார் 20 டிகிரிதான். மரத்தோட நிழல் மரத்தைவிட ரெண்டரை மடங்குக்கு மேல நீளம்! மேகம் விலகினா ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் கும்மிருட்டு. நம்ம கண்ணு ரெண்டையும் சமாளிக்கும், கேமரா சமாளிக்காது. ரெண்டையும் பிடிக்கப் போனா ரெண்டும் சோகையாயிடும். என் கட்சி இதுதான்: இலையைக் காப்பாத்துங்க, நிழல் கறுப்பாவே இருக்கட்டும்.

1. இலைக்குப் பின்னாடி சூரியன் இருக்கிற மாதிரி நில்லுங்க. பச்சையம் சிதைஞ்சதும் வெளியே தெரியுற கரோட்டினாய்டு மஞ்சளும், மேப்பிள்ல புதுசா ஊறுற ஆந்தோசயனின் சிவப்பும் விளக்கேத்தின மாதிரி ஒளிரும்.

2. பின்னணி இருட்டா இருந்தா கேமரா வெளிச்சத்தை ஏத்திவிடும்; இலை வெளுத்துடும். எக்ஸ்போஷரை மைனஸ் 1 வரைக்கும் இறக்கிப் பாருங்க. ஹிஸ்டோகிராம்ல சிவப்பைத் தனியாப் பாருங்க. மொத்தத்துல சரியாத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்துல முட்டி நிக்கும். போன்லன்னா, பிரகாசமான இலையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சுடுங்க.

3. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பொன் வெயிலைத் 'திருத்தி' வெச்சுடும். டேலைட்ல வைங்க. ரா ஃபைல்ல நிறத்தை அப்புறம் மாத்தலாம். ஆனா முழுசா வெளுத்த இலையை அதுவும் மீட்டுத் தராது.

4. மழை விட்டதும் போலரைசர் மாட்டுங்க. ஈர இலையோட பளபளப்பை வெட்டி நிறத்தைக் காட்டும். பதிலுக்கு ஒண்ணு ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுடும்.

மூணு படம் எடுத்து எச்டிஆரா ஒட்டலாமேன்னு கேட்பீங்க. காத்துல இலை ஒரு இடத்துல நிக்காது. ஒட்டினா ஒரே இலை ரெண்டாத் தெரியும்.

எங்கே போகலாம்? ஹாலண்ட் பார்க்ல 1991-ல திறந்த கியோட்டோ தோட்டம் சின்னதுதான், ஆனா ஜப்பானிய மேப்பிள் அசத்தும். அங்கே நான் மதியம் ஒரு மணிக்கு எடுத்த படத்துல குளமும் தெரியாது, அருவியும் தெரியாது; கறுப்புக்கு நடுவுல ஒரு சிவப்புக் கிளை மட்டும். எனக்கு அது போதும். விசாலமா வேணும்னா ரிச்மண்ட் பார்க். 1637-ல முதலாம் சார்லஸ் மன்னர் மான் வேட்டைக்காக வளைச்ச இடம். மான்கள் இன்னும் இருக்கு, 50 மீட்டர் தள்ளியே நில்லுங்க. ரெண்டு இடத்துக்கும் டிக்கெட் கிடையாது, மாணவர் பர்ஸுக்கு உத்தமம் :-)

நவம்பர் நடுவுல நாலு மணி சொச்சத்துக்கே சூரியன் மறைஞ்சுடும். பலமா ஒரு காத்து அடிச்சா மொத்த இலையும் தரையில கிடக்கும். அசைன்மென்டுக்கு எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கலாம், மேப்பிள் மரத்துக்கிட்ட முடியாது. நாளைக்கு வெயில்னா கிளம்பிடுங்க.