வாத்து முட்டையில் கேக்!

அறுவடை முடிந்த நெல் வயலில், 'குவாக்... குவாக்...' என்று சத்தமிட்டபடி நூற்றுக்கணக்கான வாத்துகள் மேய்வதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்?

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் இதுபோன்ற ஊர்களில், அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் கூட்டத்தை ஓட்டி வருவார்கள். சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி எல்லாம் வாத்துகளுக்கு விருந்து. வாத்தின் எச்சம் வயலுக்கு உரம்.

இரவில் வலை கட்டி வாத்துகளை அடைப்பார்கள். பெரும்பாலான வாத்துகள் விடிவதற்குள்ளேயே முட்டையிட்டு விடும். அதனால், வாத்துக்காரருக்குக் காலையில் முதல் வேலை, முட்டை பொறுக்குவதுதான்!

பெரிய முட்டை!

கோழி முட்டை ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். வாத்து முட்டையோ 70 கிராம்! ஓடு தடிமனானது. உள்ளே மஞ்சள் கருவும் பெரியது. அதில் கொழுப்பு அதிகம் என்பதால், கேக் செய்தால் மிருதுவாக, நல்ல நிறத்தோடு வரும்.

கவிச்சி வாடை வரும் என்று சிலர் ஒதுக்குவார்கள். ஏலக்காய் போட்ட கேக்கில் அது தெரியவே தெரியாது!

எடை போடு... கேக் போடு!

வாத்து முட்டைகள் ஒரே அளவில் இருக்காது. அதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. இரண்டு முட்டைகளை ஓட்டோடு எடை போடுங்கள். 140 கிராம் இருந்தால், மைதா, பொடித்த சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் தலா 140 கிராம் எடுங்கள். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது ஏலக்காய்த் தூள் போதும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடியுங்கள். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றிக் கலக்குங்கள். பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்த மைதாவையும், ஏலக்காய்த் தூளையும் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

இனி அம்மா அல்லது அப்பாவின் வேலை. குக்கரில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியில் கேஸ்கட்டும், வெயிட்டும் இருக்கக் கூடாது. உள்ளே மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, சிறு தீயில் 40 நிமிடம் வேகவிட வேண்டும். நடுவில் குச்சியால் குத்தினால், மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் இன்னும் சிறிது நேரம் வேகட்டும்.

நக்கக் கூடாது!

கேக் செய்யும்போது மாவுக் கிண்ணத்தை வழித்து நக்க ஆசையாக இருக்குமே? வேண்டவே வேண்டாம்!

வாத்து ஈரமான, சேறான இடங்களில் முட்டையிடும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே 'சால்மொனெல்லா' என்ற கிருமி உள்ளே போகலாம். சில சமயம் தாய் வாத்தின் உடலில் இருந்தே முட்டைக்குள் வந்துவிடும். இது வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலைத் தரும். 2010ல் இங்கிலாந்தில், வாத்து முட்டை மூலம் பலருக்கு இந்த நோய் பரவியது.

ஆனால், நன்றாகச் சூடுபட்டால் இந்தக் கிருமி செத்துவிடும். அதனால், வாத்து முட்டையில் 'ஆப்பாயில்' கூடாது. வேகவைத்தாலும், வறுத்தாலும், வெள்ளைக் கரு, மஞ்சள் கரு இரண்டும் கெட்டியாக வேண்டும்.

முட்டையை வாங்கியதும் கழுவி வைக்காதீர்கள். ஈரத்தோடு கிருமியும் துளை வழியே உள்ளே இறங்கும். சமைப்பதற்குச் சற்று முன் கழுவினால் போதும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், வாத்து முட்டையையும் தவிர்ப்பது நல்லது.

தெரியுமா?

* கோழிக் குஞ்சு பொரிய 21 நாள். வாத்துக் குஞ்சு பொரிய 28 நாள். வீட்டு வாத்துகள் பல, ஒழுங்காக அடைகாக்காது. அதனால், கிராமங்களில் அடைக்கோழியின் கீழ் வாத்து முட்டைகளை வைப்பது உண்டு.

* முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கிப் படுத்தால் புதியது. மிதந்தால் பழையது!

* சால்மொனெல்லாவுக்கும், சால்மன் மீனுக்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்தது.

கிண்ணத்தை நக்காமல் 40 நிமிடம் பொறுத்திருங்கள். சூடான கேக் உங்களுக்குத்தான்!